உருகிய மெழுகை மறுபடி பார்த்தவர்

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்குக் கொஞ்ச தூரம்தான். நான் போன அன்று அங்கே ஒரு வார்ப்புப் பட்டறையின் நடுவில் 360 டிகிரி கேமரா நின்றுகொண்டிருந்தது. மூன்று இளைஞர்கள் அதைச் சுற்றி ஓசைப்படாமல் நடமாடினார்கள். ஐம்பொன் வார்ப்பை முழுக்கப் பதிவு செய்து, மெய்நிகர்க் கண்ணாடி மாட்டியவர் பட்டறைக்குள்ளேயே உட்கார்ந்து பார்ப்பதுபோல் ஆக்குவது அவர்கள் வேலை.

பெரிய ஸ்தபதிக்கு எழுபது வயது இருக்கும். தென்னங்கீற்றை மடித்து மடித்து அளவு பிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒடியோலை என்று பெயர். முகம் எவ்வளவு, இடை எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அந்த மடிப்புகளில் இருக்கிறது. பக்கத்தில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் ஓர் அம்மன். நெல்மணி அளவு மெழுகை உருட்டி, கரியில் காய்ந்த இரும்புக் கத்தியின் நுனியால் அம்மனின் விரலில் ஒட்டினார். மோதிரம் ஆயிற்று. உடனே தண்ணீரில் முக்கி இறுகவிட்டார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்.

அந்த மெழுகு அம்மனைச் சுற்றி இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார்கள். ஒன்றின் விளிம்பு அடுத்ததில் விழும்படி எடுத்தால்தான் கணினி அவற்றைக் கோத்து முப்பரிமாண உருவம் தரும். மெழுகின் மினுமினுப்பு அதற்குப் பகை. ஜன்னலுக்கு வெள்ளை வேட்டி கட்டி வெயிலை வடிகட்டினார்கள். அதற்கே அரை நாள் போயிற்று.

இந்தப் பாடு எதற்கு என்று அப்போது புரியவில்லை. பிறகு புரிந்தது. மெழுகின்மேல் காவிரி வண்டல் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்கவேண்டும். ஆக மெழுகு உருவமும் மிஞ்சாது, அச்சும் மிஞ்சாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் முன் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மெழுகு உருவம் இருந்து அழிந்தது என்பது ஒருநாளும் மனதில் தைத்ததில்லை.

மறுமாதம் மீண்டும் போனேன். அம்மன் வார்ப்பாகி அரத்துக்கும் சிற்றுளிக்கும் வந்திருந்தாள். இளைஞர்களில் ஒருவர் பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவருடைய வலக்கை மெல்ல எழுந்து காற்றில் ஒரு விரலைத் தேடியது.

“தம்பி, இது உருகிப்போன மெழுகுல்ல? மோதிரம் அப்படியே இருக்கே!”

“ஆமாங்க ஐயா.”

“கை வச்சா ஒண்ணும் தட்டுப்படலையே. மெழுகு பதமா இருக்கா இல்லையான்னு விரல்லதான்பா தெரியும்.”

அவர் சொன்னது உண்மை. உலையின் அனலும் குங்கிலிய வாசமும்கூட அந்தக் கண்ணாடிக்குள் வரவில்லை. அதைப் பார்த்து யாரும் ஸ்தபதி ஆகிவிட முடியாது. ஆனாலும் இந்த வேலை வேண்டும் என்றே சொல்வேன். மரபைக் காட்டும் மெய்நிகர்ப் படங்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் ஆளில்லாத கோபுரங்களும் மண்டபங்களும்தான். இங்கே ஒரு கை வேலை செய்வது தெரிகிறது. மதுரையிலோ சென்னையிலோ ஒரு பள்ளிப்பிள்ளை அந்தக் கைக்குப் பக்கத்தில் உட்காரலாம்.

ஒரு குறை சொல்லவேண்டும். படப்பிடிப்பு நடந்த நாட்களில் பட்டறையில் பாதி வேலை நின்றது. துருத்தி போடுபவர், மண் குழைப்பவர், அரம் தேய்ப்பவர் எல்லாரும் அன்றாடக் கூலிக்காரர்கள். நான் பார்த்த முதல் வடிவத்தில் அவர்கள் பெயரும் இல்லை. எடுத்துச் சொன்னதும் சேர்த்தார்கள். இனி எந்தப் பட்டறைக்குக் கேமராவோடு போகிறவர்களும், நின்றுபோகும் நாட்களின் கூலியை முதலில் பேசி முடித்துவிட்டு அதன்பிறகு முக்காலியை விரிக்கட்டும்.