டீ குடித்துவிட்டு வந்தால் ஓடும் மிஷின்

கரூர் பக்கம் ஒரு கல்குவாரி. 20 டன் பொக்லைன். பிரெஞ்சு கம்பெனி ஒன்றின் பெயர் அது. எங்கள் பக்கம் யார் செய்த தோண்டும் மிஷினாக இருந்தாலும் பொக்லைன்தான். மெயின் பம்ப் புதிதாகப் போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. பழைய கோளாறு அப்படியே இருந்தது. பூம் முக்கி முக்கி ஏறும், டிராக் நகராது, பம்ப் ஊளையிடும். முதலாளி என்னிடம் பேசவே விருப்பமில்லாமல் நின்றார். கேபினிலிருந்து இறங்கிய ஆபரேட்டர் பையன்தான் போகிறபோக்கில் சொன்னான்: "டீ குடிச்சுட்டு வந்தா கொஞ்ச நேரம் நல்லா ஓடுதுங்ணா."

பாதி வேலை அந்த ஒரு பேச்சிலேயே முடிந்தது.

பம்ப் தேய்ந்திருந்தால், எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும்போது மிஷின் சுணங்கும். ஆனால் 200 லிட்டருக்கு மேல் இருக்கும் எண்ணெய் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் ஆறாது. நின்றால் உடனே சரியாகிறது, ஓடினால் மறுபடி வருகிறது என்றால், ஓடும்போது மட்டும் எதுவோ வழியை அடைக்கிறது. டாங்கின் மேல்மூடியைக் கழற்றி, கம்பியோடு சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரைத் தூக்கினேன். வலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பனியன் வேஸ்ட் துணி ஒட்டிக்கொண்டு வந்தது. பம்ப் இழுக்கும்போது வலையில் அப்பிக்கொள்ளும். இஞ்சினை நிறுத்தினால் விலகி மிதக்கும். பம்பை மாற்றியவர்கள் எண்ணெயை அடிவழியாக வடித்தார்களே தவிர, மேலே திறந்து பார்க்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் புதுப் பம்பும் போயிருக்கும். எண்ணெய் போதாத பம்பில் குமிழிகள் உருவாகி வெடிக்கும்; ஒவ்வொரு வெடிப்பும் இரும்பைக் கொத்தி எடுக்கும். அந்த ஊளை அதன் சத்தம்தான்.

அன்றிலிருந்து, "எது கெட்டது?" என்று நான் முதலில் கேட்பதில்லை. "எப்போது கெடுகிறது?" என்றுதான் கேட்பேன். காலையிலா, வெயில் ஏறினபிறகா? எல்லா வேலையிலுமா, ஒன்றிலா? எல்லாமே மந்தம் என்றால் எண்ணெய் அளவு, ஸ்ட்ரெய்னர், ஜாய்ஸ்டிக் கட்டளையைக் கடத்தும் பைலட் பிரஷர், பிரஷருக்கு வரம்பு போடும் மெயின் ரிலீஃப் வால்வு, கடைசியாகத்தான் பம்ப். பக்கெட் மட்டும் மந்தம் என்றால் அதன் சிலிண்டரையும் அதன் வால்வையும் விட்டு வெளியே தேட வேண்டாம். நேராக ஓட்டினால் மிஷின் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு பம்ப் உள்ள மிஷின்களில் இரண்டு டிராக்குகளுக்கும் எண்ணெய் தனித்தனிப் பம்பிலிருந்து வரும். ஹோஸ்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு அடுத்த டிராக்குக்குத் தாவினால் குற்றம் மேலே, பம்பிலோ வால்விலோ. தாவாமல் அதே டிராக்கில் நின்றால் அந்த மோட்டாரில். காசு செலவில்லாத சோதனை இது.

அதன்பிறகே கேஜ். 20 டன் மிஷினில் மெயின் பிரஷர் ஏறக்குறைய 350 பார்; கார் டயரில் இருப்பதைப்போல் 150 மடங்கு. பைலட் லைனில் சுமார் 40 பார் போதும். கேஜ் மாட்டாமல் ரிலீஃப் ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கி "பவர் ஏத்தித் தர்றேன்" என்பவரிடம் மிஷினைக் கொடுக்காதீர்கள். அந்த அரைச் சுற்றின் விலையை ஹோஸும் சீலும் பம்பும் மாதாமாதம் கட்டும்.

பிரஷரைவிட ஹைட்ராலிக்கை அதிகம் கொல்வது அழுக்கு. நம் கண் பார்க்கக்கூடிய மிகச் சின்னத் தூசி 40 மைக்ரான் அளவு. பம்புக்குள் உரசும் பாகங்கள் பலவற்றின் இடைவெளியோ அதில் கால்வாசிகூட இருக்காது. ஆக, பம்பைத் தின்னும் தூசி நம் கண்ணுக்கே தெரியாது. புது பேரலில் வந்த எண்ணெயும் சுத்தம் என்று நம்ப முடியாது. ஃபில்டர் வழியாகத்தான் டாங்கில் ஊற்ற வேண்டும். பேரலை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால் மூடிமேல் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் சூடேறி இரவில் ஆறும்போது பேரல் மூச்சிழுக்கும், அந்தத் தண்ணீர் உள்ளே போகும். படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வையுங்கள்.

கழற்றிய ஃபில்டரை நான் தூக்கிப் போடுவதில்லை. அறுத்து விரித்துப் பார்ப்பேன். பித்தளை நிறத்தில் மின்னினால் பம்போ மோட்டாரோ உள்ளே தேய்கிறது. கறுப்பு ரப்பர் துணுக்கு என்றால் ஏதோ சிலிண்டரில் சீல் பிய்கிறது. எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். கருகிய வாடை அடித்தால் முதலில் ஆயில் கூலரைப் பாருங்கள். குவாரித் தூசியில் அதன் இடுக்குகள் சுவர்போல் அடைந்துகிடக்கும்.

உடம்பைப் பற்றியும் ஒன்று. ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவாதீர்கள். அந்தப் பிரஷரில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தினாற்போல் ஒரு புள்ளி, வலிகூடக் குறைவு. ஆனால் உள்ளே சதை அழுகும். உடனே ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை. தாமதித்தால் விரலோ கையோ போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரம் காட்டிக்கொடுக்கும். எந்த ஹோஸைக் கழற்றுவதானாலும் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இஞ்சினை நிறுத்தி, ஜாய்ஸ்டிக்கை நாலு பக்கமும் அசைத்து, டாங்கின் காற்றையும் இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

குவாரியில் அன்று அந்தத் துணியை யார் விட்டது என்று முதலாளி கத்தினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலும் அதே பனியன் வேஸ்ட்தான் இருந்தது. இப்போது டாங்க் வேலைக்கு நூல் உதிராத துணி மட்டும்தான், அதுவும் எண்ணி எடுப்பேன். மூடியை முடுக்கும் முன்பு நீங்களும் ஒருமுறை துணிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.