முப்பத்தொரு பயனர்கள்

சற்றே நீண்ட பதிவு. ஆய்வுத் திட்டங்களில் கணினிச் செலவுக்குக் கணக்கெழுதும் பொறுப்பு யார் தலையிலாவது விழுந்திருந்தால் அவர்களுக்குப் பயன்படக்கூடும்.

புணேயில் இருந்தபடி மராத்வாடாச் சிற்றூர்களின் நிலத்தடி நீர் பற்றி ஆய்ந்து வருகிறேன். மழைக்கு முன்னும் பின்னும் கிணறுகளின் நீர்மட்டத்தை அளப்பதே எங்கள் அடிப்படைப் பணி. அளப்பவர்கள் இருபத்திரண்டு களப்பணியாளர்கள். பெரும்பாலோர் அவ்வூர்ப் பெண்கள். அளவுகளைத் தாளில் குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை களஅலுவலகத்துக்கு வந்து, அங்குள்ள நான்கு கணினிகளில் மாறிமாறி அமர்ந்து பதிவேற்றுவார்கள். நிறுவனத்தில் நாங்கள் ஒன்பது பேர் அத்தரவைச் சரிபார்க்கிறோம். ஆக மொத்தம் முப்பத்தொரு பேர். இந்த எண்ணைச் சரியாகச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று.

முதல் ஆண்டு ஒரு பொது விரிதாளையே பயன்படுத்தினோம். இரண்டாம் ஆண்டில் ஆவணங்கள், பட்டியல்கள், ஒப்புதல்கள் அனைத்தையும் ஓரிடத்தில் வைக்க ஷேர்பாயிண்ட் சர்வர் போன்ற கூட்டுப்பணிச் சேவையகம் வேண்டும் என்று முடிவாயிற்று. மதிப்பீட்டைத் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. சேவையகத்துக்கு ஓர் உரிமம் வாங்கினால் வேலை முடிந்தது என்றே எண்ணினேன். வீட்டை வாங்கியவர் விருந்தினர் தலைக்கு ஒரு தொகை கட்டுவதில்லையே!

உரிம விதிகளைப் படித்தபோதுதான் அந்த உவமை பிழை என்று புரிந்தது. சேவையகத்தை இயக்குவதற்கு ஓர் உரிமம். அதை அணுகுவதற்குத் தனி உரிமம். இந்த அணுகல் உரிமம் இருவகைப்படும். பயனர் உரிமம் பெற்ற ஒருவர் எத்தனை கருவிகளிலிருந்தும் நுழையலாம். கருவி உரிமம் பெற்ற ஒரு கணினியில் எத்தனை பேரும் அமரலாம். இவற்றுக்கு மேல் ‘என்டர்பிரைஸ்’ என்னும் கூடுதல் அடுக்கு உண்டு. அது ‘ஸ்டாண்டர்ட்’ உரிமத்துக்கு மாற்றாகாது; இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஷேர்பாயிண்ட் தனித்தும் இயங்காது. அடியில் விண்டோஸ் சர்வர் வேண்டும். அதற்குக் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமமும் தனி அணுகல் உரிமங்களும் தேவை. தரவுத்தளமாக எஸ்க்யூஎல் சர்வர் வேண்டும். அதைக் கோர் கணக்கில் வாங்கினால் ஆளெண்ணிக்கை தேவையில்லை, சேவையகக் கணக்கில் வாங்கினால் அங்கும் தலை எண்ண வேண்டும்.

ஒதுக்கிய தொகை போதவில்லை. உடனே எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது: களப்பணியாளர் அனைவருக்கும் ‘களம்’ என்று ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். முதலாண்டு விரிதாளிலும் அப்படித்தான் செய்திருந்தோம். இருபத்திரண்டு பேர் ஒருவராகிவிட்டால் செலவும் சுருங்கிவிடுமே!

இந்த வழியை விதி முன்கூட்டியே அடைத்திருந்தது. இடையில் பொதுக் கணக்கையோ, தரவைத் திரட்டி அனுப்பும் வேறொரு மென்பொருளையோ வைத்து நேரடி இணைப்புகளைக் குறைத்தாலும் தேவையான உரிமங்களின் எண்ணிக்கை குறையாது. இதற்கு ‘மல்டிபிளெக்சிங்’ என்று பெயர். அதாவது, வாசலில் எத்தனை பேர் தெரிகிறார்கள் என்பது பொருட்டல்ல. உள்ளே பயனடைவோர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

அடுத்த நம்பிக்கை ‘வெளிப்பயனர்’ என்னும் சொல். ஷேர்பாயிண்ட் 2013 பதிப்பு முதல் வெளிப்பயனர்களுக்குத் தனியே ஷேர்பாயிண்ட் அணுகல் உரிமம் தேவையில்லை. எங்கள் களப்பணியாளர்களின் ஒப்பந்தத்தில், அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே பணியாளர் – முதலாளி உறவு ஏதும் இல்லை என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அப்படியானால் அவர்கள் வெளியார்தாமே என்று மகிழ்ந்தேன். வரையறையை மீண்டும் படித்தேன். பணியாளர் அல்லாதவராக இருந்தால் மட்டும் போதாது. நிறுவனத்தின் இடத்திலேயே வேலை செய்யும் ஒப்பந்தக்காரராகவும் முகவராகவும் இருத்தல் கூடாது. எங்கள் அலுவலகத்தில், எங்கள் கணினியில், எங்கள் படிவத்தை நிரப்புகிறவர்கள் வெளியார் ஆகமாட்டார்கள். ஊதியப் பட்டியலும் ஒப்பந்தமும் சேர்த்துக்கொள்ளாத இருபத்திரண்டு பேரையும் ஒரு வணிக மென்பொருளின் உரிமம் உள்ளே இருப்பவர்களாக எண்ணியது. அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. முதலாண்டுத் தரவைச் சரிபார்த்தபோது முப்பத்தேழு கிணறுகளின் அளவுகளில் சிக்கல் தெரிந்தது. சிலர் மீட்டரிலும் சிலர் அடியிலும் குறித்திருந்தார்கள். 40 என்று இருந்தால் அடி என ஊகிக்கலாம். 12 என்று இருந்தால்? இரண்டுமாக இருக்கக்கூடும். யார் பதிவேற்றினார் என்று பார்த்தால் எல்லா வரிகளிலும் ‘களம்’ என்றே இருந்தது. நான் வடிவமைத்த தாளிலும் அளப்பவர் பெயருக்குக் கட்டம் இல்லை. அதற்குள் மழை பெய்துவிட்டது. மழைக்கு முந்தைய நீர்மட்டத்தைத் திரும்பப் போய் அளக்க முடியாது. முப்பத்தேழையும் நீக்கினேன். பின்னர் இதைப் பற்றிப் பேசுகையில் களப்பணியாளர் ஒருவர், மராத்தியில் அக்காவைக் குறிக்கும் ‘தாயி’ என்னும் சொல்லால் என்னை அழைத்து, “என்னிடம் இருந்த நாடா அடிநாடா, தாயி. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனே” என்றார். கேட்பதற்கு அவர் பெயர் என்னிடம் இல்லை.

தீர்வு விதிக்குள்ளேயே இருந்தது. ஒன்பது பேருக்குப் பயனர் உரிமம். களஅலுவலகத்தின் நான்கு கணினிகளுக்குக் கருவி உரிமம். முப்பத்தொன்றுக்குப் பதில் பதின்மூன்று போதும். விண்டோஸ் சர்வருக்கும் அதே பதின்மூன்று. கருவிக்கு உரிமம் இருப்பதால் அதில் அமரும் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கணக்கு கொடுக்கத் தடையில்லை. பதின்மூன்று உரிமங்கள், முப்பத்தொரு பெயர்கள். களப்பணியாளர்கள் தங்கள் கைப்பேசியிலிருந்து நுழைய வேண்டுமானால் இந்தக் கணக்கு செல்லாது. அவர்களுக்கும் பயனர் உரிமம் வாங்க வேண்டும். எங்கள் தேவைக்கு ஸ்டாண்டர்ட் அடுக்கே போதுமாக இருந்தது.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவின் இறுதி நாள் 2026 ஜூலை 14 என்று வரையறுக்கப்பட்டது. 2021 நவம்பரில் வந்த ‘சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன்’ பதிப்புக்குத் தொடர்கட்டணம் உண்டு. ஒருமுறை செலவு என்று திட்ட அறிக்கையில் எழுதினால், அடுத்த ஆண்டு கையைப் பிசைய நேரும்.

நாம் வாங்குவது எதை என்பதையும் நம் சட்டத்தைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரையறைக்குள் வைக்கிறது. வரி தொடர்பான வழக்கொன்றில் 2021 மார்ச் 2 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இறுதிப் பயனருக்கான உரிமத்தால் பதிப்புரிமையில் எந்தப் பங்கும் கைமாறுவதில்லை என்று விளக்கியது. புத்தகத்தை வாங்கியவர் அதன் பதிப்புரிமையை வாங்கியவர் ஆவதில்லை என்பது போலத்தான்.

நண்பர்கள் சிலர், கட்டற்ற மென்பொருளுக்குப் போய்விடு என்றார்கள். நெக்ஸ்ட்கிளவுட் போன்றவை ஏஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கின்றன; தலை எண்ண வேண்டியதில்லை. ஆனால் நிறுவிப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். அவர் ஊதியமும் செலவே. அப்படி ஓர் ஆள் எங்களிடம் இல்லை. ஆயினும் அந்த உரிமத்தைப் படித்தது வீண்போகவில்லை. மென்பொருளைத் திருத்திப் பிணையம் வழியே பிறருக்குப் பயன்படத் தந்தால், பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் திருத்திய மூலநிரலைப் பெறும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்கிறது அது. ஒரு விதி பயனருக்காகக் கட்டணம் கேட்கிறது. மற்றொன்று பயனருக்கு உரிமை கொடுக்கிறது. இரண்டும் தொடங்குவது ஒரே கேள்வியில்: இதைப் பயன்படுத்துகிறவர் யார்? என் ஆய்வு அந்தக் கேள்வியைக் கேட்காமலே ஓராண்டு நடந்திருக்கிறது.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கிறது. ஐயம் எழுந்தால் உரியவரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். தாளிலும் பெயர்க்கட்டம் சேர்த்தாயிற்று. ஆய்வேட்டின் நன்றியுரையில் ‘களப்பணியாளர்களுக்கும்’ என்று ஒற்றைச் சொல்லாக இருந்ததை நீக்கி, அவர்களிடம் இசைவு கேட்டு, இருபத்திரண்டு பெயர்களையும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் பொதுக் கணக்கு ஒன்று இருந்தால், இன்று அதன் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.