பாசி என்னும் சொல்

முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாய்ப் பணியாற்றியவன் யான். குறுந்தொகையில் பசலைக்கு உவமையாக வரும் பாசியை விளக்குங்கால், “ஈரத்திற் படரும் பசுமையெல்லாம் பாசியே” என்று கூறி அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுவேன். மாணவர் எவரும் மேலே வினவியதில்லை. யானும் குனிந்து பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றபின் கோத்தகிரியில் என் மகள் இல்லத்திற் சில திங்கள் தங்கினேன். தோட்டத்திற் சருகு எரித்த இடம் ஒன்று கருகிக் கிடந்தது. மழை பெய்த சில வாரங்களில் அவ்விடம் பசும்பட்டு விரித்தாற்போல் ஆயிற்று. தாவரவியல் பயிலும் என் பெயர்த்தி, “தாத்தா, இஃது என்ன?” என்றாள். “பாசி” என்றேன். “எந்தப் பாசி?” என்றாள். விடை கூற இயலாது நின்றேன்.

அவள் உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்றை என் கையில் தந்தாள். தரையில் அமர்ந்து நோக்கினேன். குளத்துநீரில் இழையிழையாய் மிதக்கும் பாசிக்குத் தண்டும் இலையும் இல்லை. இதற்கோ விரற்கடை உயரமும் இல்லாத தண்டும், மொட்டுப்போற் குவிந்த சிற்றிலைகளும் இருந்தன. உச்சியினின்று நூல்போன்ற காம்பு எழுந்து, பேரிக்காய் வடிவான சிறு பை ஒன்றைத் தாங்கி, முற்றிய தினைக்கதிர்போல் தலை சாய்ந்திருந்தது. இனம் பெருக்கும் நுண்துகள்கள் அப்பையில் விளைகின்றன.

“எரிந்த நிலத்தில் இது விரும்பி முளைக்கும். இன்னும் ஓர் அடையாளம் பாருங்கள்” என்று கூறி, உலர்ந்த காம்பு ஒன்றில் ஒரு துளி நீர் இட்டாள். முறுக்கிக் கிடந்த காம்பு புரி நெகிழ்ந்து, நுனியிலிருந்த பையைச் சுழற்றியது! யான் வியந்துபோனேன்.

“பியூனேரியா ஹைக்ரோமெட்ரிக்கா” என்றாள் அவள். முன்சொல், கயிறு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழி வந்தது. பின்சொல் ஈரம் அளப்பது எனப் பொருள்படும். ஹெட்விக் என்னும் அறிஞர் இட்ட இப்பெயர், 1801-ஆம் ஆண்டில் நூலில் வெளியாயிற்று. காரணப்பெயரின் இலக்கணத்தைப் பல்லாண்டு கற்பித்த எனக்கு, கண்ணெதிரே ஒரு காரணப்பெயர் சுழன்று காட்டியது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. என்னிடம் பயின்றோர் சிலர் இன்று ஆசிரியராய் உள்ளனர். அவர்களும் என் விளக்கத்தையே கூறி வருவரோ என்னும் எண்ணம் வருத்திற்று. விடிந்ததும் அவர்களுள் ஒருவருக்குக் கடிதம் எழுதினேன்: “உவமையில் வருவது ஊரார் நீருண்ணும் கேணியின் பாசி. மண்ணில் தழைக்கும் பாசி வேறு. யான் பிரித்துக் கூறத் தவறினேன்; நீர் திருத்திக் கூறுக.”

மாணவர்களே! சொல்லின் பொருளை நூலிற் கற்றுக்கொள்ளுங்கள். கற்றபின், அப்பொருளை நேரிலும் சென்று காணுங்கள்.