றைன் நதியைக் கடக்கும் புகையிரதம்

பாரிஸ் நகரின் கிழக்குப் புகையிரத நிலையத்தில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. 1914 ஓகஸ்டில் போருக்குப் புறப்படும் இளைஞர்களையும், அவர்களை வழியனுப்பும் பெண்களையும் அதில் காணலாம். வரைந்தவர் அல்பேர்ட் ஹேர்ட்டர் என்ற அமெரிக்கர். 1918 இல் பிரான்ஸ் போர்க்களத்தில் தன் மகனைப் பறிகொடுத்தவர் அவர்.

அதே நிலையத்தில்தான் இன்று ஜேர்மனி செல்லும் வண்டியில் ஏறுகிறோம். பயணச்சீட்டில் ஆசன இலக்கம் இருப்பதால் இடம்பிடிக்க முண்டியடிக்கத் தேவையில்லை. பையை மேல்தட்டில் வைத்துவிட்டு, முன்னாலுள்ள சிறு பலகையை விரித்து, கொண்டுவந்த பாணையும் தேநீரையும் எடுத்து வைக்கலாம். யன்னலுக்கு வெளியே வயல்கள் ஓடி மறையும். சின்னஞ்சிறு வசதிகள்தான், ஆனாலும் மனம் ஆறும்.

ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் ஸ்ராஸ்பூர்க் வந்துவிடும். 1871 இற்கும் 1945 இற்கும் இடையில் பிரான்ஸுக்கும் ஜேர்மனிக்குமாக நான்கு தடவை கைமாறிய நகரம் இது. 1939 இல் இங்குள்ள குடும்பங்கள் கையில் எடுத்த பொருட்களுடன் இடம்பெயர்ந்தன.

அடுத்தது றைன் நதிப் பாலம். அக்கரையில் ஜேர்மனியின் கேல் நகரம். சிலவேளை பொலிஸார் ஏறி அடையாளப் பத்திரங்களைப் பார்ப்பார்கள். மற்றும்படி பயணம் தொடரும். 2017 முதல் ட்ராம் வண்டியும் இந்த நதியைக் கடக்கிறது. பெண்கள் கடைப்பைகளுடன் அக்கரை சென்று, மாலையில் வீடு திரும்புகிறார்கள்.

சோதனைச் சாவடிகளில் பிள்ளைகளுடன் இறங்கி ஏறிய எங்களுக்கு இதன் அருமை தெரியும். பயமின்றிப் போய், பயமின்றித் திரும்பி வருவதுதான் பயணத்தின் முதல் வசதி.