சிவப்பு விளக்கு சொன்னதும் சொல்லாததும்

தானியங்கிக் காபி இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ‘மோட்டார் கெட்டுவிட்டது’ என்று பொருளன்று. ‘எதிர்பார்த்த செய்தி உரிய நேரத்தில் எனக்கு வந்து சேரவில்லை’ என்று மட்டுமே அது சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க எனக்கும் தங்கை மகனுக்கும் இரண்டு வெள்ளிக்கிழமைகள் தேவைப்பட்டன.

இயந்திரம் உம்மாவுடையது. கத்தரில் இருக்கும் தம்பி வாங்கிவந்து கொடுத்தது. எங்கள் காயல்பட்டினத்து வழக்கப்படி உம்மா தங்கையோடு இருக்கிறார்கள். பக்கவாதத்திற்குப் பின் அவர்களுடைய வலக்கைக்குக் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கும் வலு இல்லை. ஆனால் ஒரு பொத்தானை அழுத்த இடக்கை போதும். பின்னிரவில் தஹஜ்ஜுதுக்கு எழுந்து, யாரையும் எழுப்பாமல், தாமே ஒரு குவளை காபி எடுத்துக்கொள்வார்கள். நோய்க்குப் பிறகு பிறர் உதவியின்றி அவர்களால் செய்ய முடிந்த சில காரியங்களில் அதுவும் ஒன்று. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்திற்கு விழித்திருக்கக் காபி அருந்தினார்கள் என்று ஒருமுறை சொன்னேன். “அப்போ நான் புதுசா ஒண்ணும் செய்யலையே” என்று சிரித்தார்கள்.

அந்த இயந்திரம் ஒரு நாள் பாதியில் நின்று சிவப்பு விளக்கைக் காட்டியது. தூத்துக்குடியில் பழுதுபார்க்கும் ஒருவர், “மோட்டார் போய்விட்டது, பல்சக்கரத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும்” என்றார். அவர் கேட்ட தொகை என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். பொருள் வந்துசேரவும் பல வாரங்கள் ஆகுமாம். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒவ்வோர் உறுப்பாகச் சோதிக்கும் நேரத்திற்கு யாரும் அவருக்குக் கூலி தருவதில்லை. தொகுதியை மாற்றினால்தான் அவருக்குக் கட்டும். ஆனால் மதரஸாவில் கவாஇத் பாடம் நடத்துகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. உறுதியாக அறிந்த ஒன்றை வெறும் சந்தேகத்தைக் கொண்டு தள்ளுபடி செய்ய மனம் ஒப்பாது. நேற்றுவரை ஓடிய மோட்டார் அது. அது ஓடவில்லை என்பதற்குச் சான்று இன்னும் வரவில்லையே!

இவ்வகை இயந்திரத்தில் ‘மோட்டார்’ என்று நாம் பொதுவாகச் சொல்பவை மூன்று. முதலாவது கொட்டை அரைப்பது. அது உறுமிக்கொண்டே சுழலாமல் நின்றால் கல்லோ கெட்டியான கொட்டையோ சிக்கியிருக்கலாம். இரண்டாவது தண்ணீரைத் தள்ளும் பம்பு. வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் அது மோட்டாரே அன்று. மின்காந்தத்தால் முன்னும் பின்னும் அதிரும் ஒரு தண்டு. மூன்றாவதுதான் எங்கள் வழக்கின் குற்றவாளி என்று சொல்லப்பட்டது: அரைத்த தூளை அழுத்தி, காபி இறங்கிய பின் சக்கையைத் தள்ளிவிடும் வடிப்புப் பெட்டியை இயக்கும் சிறிய மோட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை, மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, வடிப்புப் பெட்டியை வெளியே எடுத்துக் கையால் அசைத்துப் பார்த்தோம். அது கையாலேயே அசைய மறுத்தது. காபியின் எண்ணெயும் தூளும் சேர்ந்து தண்டவாளம் போன்ற பள்ளங்களில் கல்லாய் இறுகியிருந்தன. உள்ளிருக்கும் ரப்பர் வளையம் வறண்டு போயிருந்தது. இவ்வளவு பாரத்தை இழுக்கச் சொன்னால் நல்ல மோட்டாரும் நிற்கத்தான் செய்யும். சோப்பு போடாமல் வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்கு உலரவைத்தோம். தையல் இயந்திரத்துக்குப் போடுவது போலத் தேங்காய் எண்ணெய் இடலாமே என்றாள் தங்கை. கூடாது; அது நாளடைவில் சிக்குப் பிடித்து மீண்டும் தூளை ஒட்டவைக்கும். சாதாரண இயந்திர எண்ணெய் ரப்பரைக் கெடுப்பதோடு வயிற்றுக்கும் ஆகாது. உணவுப் பொருளோடு சேரத்தக்க சிலிகான் கிரீஸ் சிறு குழலில் கிடைக்கிறது. வளையத்திலும் பள்ளங்களிலும் மெல்லிய பூச்சாக அதைத் தடவினோம்.

பெட்டி இப்போது இறுதிவரை சென்றது. ஆனால் அங்கே போய்க் ‘கர்ர்ர்’ என்று முனகி நின்றது. மீண்டும் சிவப்பு விளக்கு. உம்மா கதவோரம் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வேணாம் வாப்பா, விடுங்க. எனக்கு இதுவரைக்கும் கிடைச்சது போதும்” என்றார்கள். அந்த வாரம் தங்கை பின்னிரவில் எழுந்து காபி போட்டுக் கொடுத்தாள். அவளை எழுப்ப மனமின்றி உம்மா இரண்டு இரவுகள் காபி இல்லாமலே தொழுதது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை இயந்திரத்தின் முதுகைத் திறந்தோம். வாசகர்களில் யாரேனும் இதைச் செய்ய முற்பட்டால் ஒன்றை மறக்க வேண்டாம்: உள்ளே நீரைச் சூடாக்கும் பகுதிக்கு 230 வோல்ட் மின்சாரம் செல்கிறது. செருகியைப் பிடுங்கிய பின்னும் போர்டில் உள்ள மின்தேக்கிகளில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். காத்திருந்து, மல்டிமீட்டரால் சோதித்த பிறகே கைவைக்க வேண்டும். மின்வேலை அறிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் திறக்கவே வேண்டாம். எங்களிடம் பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கும் மருமகன் இருந்தான்.

மோட்டாரின் மேல் 24 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. வடிப்புப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு, மோட்டாரின் கம்பிகளைப் போர்டிலிருந்து கழற்றி, பழைய வைஃபை பெட்டியின் 12 வோல்ட் அடாப்டரைத் தொட்டு எடுத்தோம். பாதி மின்னழுத்தத்தில் ஏறத்தாழ பாதி வேகத்தில் சுழலும். கேடு ஒன்றும் வராது. சீராகச் சுழன்றது. கம்பிகளை மாற்றித் தொட்டபோது எதிர்த்திசையிலும் சுழன்றது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் சில இடங்களில் நின்று, கையால் தள்ளினால் மட்டும் கிளம்பியிருக்கும். சுருள் கருகியிருந்தால் வாடையே சொல்லியிருக்கும். இரண்டும் இல்லை.

“அப்ப யாரு மாமா தப்பு?” என்றான் மருமகன்.

பெட்டி எல்லையை அடைந்ததும் ஒரு மைக்ரோ சுவிட்சை அழுத்துகிறது. ‘வந்துவிட்டேன்’ என்ற செய்தி அதன் வழியாகத்தான் போர்டுக்குச் செல்கிறது. அதில் மீட்டரை வைத்து மெதுவாக அழுத்தினான். ‘டிக்’ என்றது, மீட்டர் பேசவில்லை. நகம் வெளுக்க அழுத்தியபோது ஒலித்தது. கடலோர ஊரின் உப்புக்காற்றும் காபி ஆவியும் சேர்ந்து உள்ளிருந்த தொடுமுனைகளைக் கெடுத்திருக்க வேண்டும். மோட்டார் சரியான இடத்தில் வந்து நின்றிருக்கிறது. நில் என்று யாரும் சொல்லாததால் மேலும் மேலும் தள்ளியிருக்கிறது. அந்த முனகலைத்தான் நாங்கள் அதன் சாவோலை என்று நினைத்திருந்தோம்.

சுவிட்சின் விலை 30 ரூபாய். அளவும் நெம்பின் நீளமும் ஒத்திருக்கிறதா என்று பழையதை வைத்துப் பார்த்து இரண்டு வாங்கினோம். மருமகன் ஈயம் வைத்து ஒன்றைப் பொருத்தினான். மூடி, தண்ணீர் ஊற்றி, உம்மாவையே பொத்தானை அழுத்தச் சொன்னோம். பிஸ்மி சொல்லி அழுத்தினார்கள். பெட்டி ஏறியது, நின்றது, காபி இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

தூத்துக்குடிக்காரரிடம் விவரத்தைத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை; எந்த சுவிட்ச், எந்த இடத்தில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இப்போது வாரம் ஒருமுறை தங்கை வடிப்புப் பெட்டியைக் கழுவி உலரவைக்கிறாள். சில மாதங்களுக்கு ஒருமுறை கிரீஸ் தடவுவது மருமகன் பொறுப்பு. எஞ்சிய ஒரு சுவிட்சைக் காகிதத்தில் சுற்றித் தம் மருந்துப் பெட்டியில், மாத்திரைகளோடு வைத்திருக்கிறார்கள் உம்மா.