சுருதியும் மின்சாரமும்

ஊரை விட்டு வந்த நாம் அம்மியை விட்டு வந்தோம். ஊஞ்சலை விட்டு வந்தோம். கிணற்றையும் திண்ணையையும் விட்டு வந்தோம். பாட்டு மட்டும் நம்முடன் இரயிலேறி வந்துவிட்டது. அதற்குச் சீட்டும் வேண்டியதில்லை, சுமைகூலியும் இல்லை. எந்த நகரில் குடியேறினாலும், குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிவைக்க ஒருவரைத் தேடுவதை நம்மவர் மறப்பதில்லை. இன்று அத்தேடலும் எளிதாகிவிட்டது. ஆசிரியை கும்பகோணத்தில் இருக்கிறார். மாணவி மும்பையில் இருக்கிறாள். இடையே ஒரு மடிக்கணினி இருக்கிறது.

எங்கள் இல்லத்திலும் இதே ஏற்பாடுதான். மகள் பாடுகிறாள், மகன் கீபோர்டு வாசிக்கிறான். இரண்டையும் கணினியில் தனித்தனியே பதிந்து, பின்னர் ஒன்று சேர்த்து ஆசிரியைக்கும், தஞ்சையிலுள்ள பாட்டிக்கும் அனுப்புவது வழக்கம். இப்போதைய வாடகை வீட்டிற்குக் குடிவந்த பிறகு, அப்பதிவுகளில் ஓர் இரைச்சல் புகுந்துகொண்டது. அதை முதலில் கண்டுபிடித்தவர் பாட்டியே. “ஏண்டி கண்ணு, உன் பாட்டுக்குப் பின்னாலே யாரு ஓயாம சுருதி போடறா? அது உன் சுருதியோட சேரவே இல்லையே!” என்று தொலைபேசியில் கேட்டார்.

பாட்டியின் செவி பொய்க்கவில்லை. நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி அலைவது. மின்கருவிகளின் உள்ளே அதுவே 100, 200, 300 என்று மடங்குகளாகவும் ஒலிக்கும். எங்கள் மகள் பாடுவது ஐந்து கட்டைச் சுருதி. அவளுடைய மத்தியஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 196 அதிர்வுகள் கொண்டது. மின்சாரத்தின் 200, அதற்குச் சற்றே மேலே நிற்கிறது. இரண்டும் ஒருங்கே ஒலிக்கும்போது வினாடிக்கு நான்கு முறை அலையலையாக மோதிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் தம்புராவைச் சிறிது ஏற்றிவைத்து மீட்டுவது போன்ற தொல்லை அது. தினமும் சாதகம் செய்யும் குழந்தையின் காதில் இது ஊறினால், சுருதி ஞானம் என்னாவது?

ஆகவே காரணத்தைத் தேடினோம். இத்தகைய தேடலுக்கு ஒரே விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பாட்டரியில் ஓடவிட்டோம். இரைச்சல் பெரும்பகுதி நின்றது. மீண்டும் செருகினோம், மீண்டும் எழுந்தது. குற்றவாளியின் வாசல் தெரிந்துவிட்டது. அன்றியும், சார்ஜர் செருகியிருக்கும்போது கணினியின் உலோக மூடியை விரலால் மெல்ல வருடினால், எறும்பு ஊர்வது போன்ற ஒரு கூச்சம் தெரிந்தது.

இதன் காரணத்தை நேயர்கள் அறிந்துகொள்வது நலம். சார்ஜருக்குள் மின்சாரம் வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டப்பட்டு, இருபது வோல்ட் அளவில் நேர்மின்சாரமாக மாற்றப்படுகிறது. அவ்வாறு வெட்டுவதால் எழும் மின்னிரைச்சலை அடக்க, உள்ளே சிறிய கண்டென்சர்களை வைத்திருக்கிறார்கள். அவற்றின் வழியே மிகச் சிறிதளவு மின்சாரம், ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவாக, கசிகிறது. மூன்று பின் உள்ள சார்ஜராயின், அக்கசிவு எர்த் கம்பி வழியே நிலத்திற்குப் போய்விடும். எர்த் இல்லையேல், அது கணினியின் உடலில் ஏறி நின்று, பாட்டுக்கான கம்பியின் மேலுறை வழியே கீபோர்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் பாயும். அதுவே இரைச்சல்.

எங்கள் சார்ஜருக்கு மூன்று பின்கள் உண்டு. சுவரிலும் மூன்று துளைகள் இருந்தன. ஆனால், எலெக்ட்ரீஷியன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தபோது, மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை!

இதற்கிடையில், சங்க விழாக்களில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். “மாமா, இதுக்கு ஏன் இவ்வளவு சிரமம்? ஸ்பீக்கர் பிளக்குலே எர்த் பின்னைக் கழட்டிட்டா ஹம் போயிடும். மேடையிலே நாங்க அப்படித்தான் செய்யறோம்” என்றார். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு பிளக்குகளில் எர்த் பெற்று, தமக்குள் ஒலிக்கம்பியாலும் இணைந்திருந்தால், ஒரு வளையம் உண்டாகும். அவ்வளையத்தில் சிறு மின்னோட்டம் சுற்றி வந்து இரைச்சலை எழுப்பும். ஒரு பின்னைக் கழற்றினால் வளையம் அறும், இரைச்சலும் நிற்கும்.

ஆனால் மறுபாதியை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருநாள் அந்தக் கருவிக்குள் காப்புறை தேய்ந்து, 230 வோல்ட் அதன் உடலைத் தொடுமாயின் என்ன ஆகும்? எர்த் இருந்தால் மின்சாரம் அவ்வழியே பாய்ந்து, பியூஸ் போய்விடும். எர்த் இல்லாவிட்டால், மைக்கைப் பிடித்த கையே எர்த் கம்பியாகிவிடும். 1972-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், லெஸ்லி ஹார்வி என்னும் கிதார்க் கலைஞர், எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு, இரசிகர்கள் கண்முன் மேடையிலேயே மாண்டார். இரைச்சல் காதுக்குத் தொல்லை. எர்த் இல்லாமை உயிருக்கே கேடு. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது. இதை அந்த இளைஞரிடமும் எடுத்துரைத்தோம்.

வீட்டு உரிமையாளர் நல்ல மனம் கொண்டவர். எர்த் கம்பி மீட்டர்ப் பெட்டி வரையில் வந்து அங்கேயே நின்றிருந்தது. அங்கிருந்து பச்சைக் கம்பி இழுத்து எல்லா மூன்று துளைப் பிளக்குகளுக்கும் இணைக்கச் செய்தார். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தினோம். சிலர் எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்து வேலையை முடித்துவிடுவதுண்டு. அதற்கு ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால், கருவியின் உடல் முழுதும் மின்சாரம் ஏறிவிடும்.

கூச்சம் அன்றே அகன்றது. ஆனால் மெல்லிய இரைச்சல் ஒன்று எஞ்சியது. அதுதான் முன்னர்ச் சொன்ன வளையம். கணினி, கீபோர்டு, ஒலிபெருக்கி அனைத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினோம், அது பாதியாயிற்று. ஒலிக்கம்பியின் நடுவே சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை இணைத்தோம், முற்றும் அடங்கிற்று. வளையத்தை அறுக்கவேண்டிய இடம் ஒலிக்கம்பியே, எர்த் கம்பியன்று.

நிற்க. எல்லா ஓசையும் எர்த்தினால் வருவதன்று. மௌஸை நகர்த்தும்போதெல்லாம் கீச்சென்று மாறும் ஒலி, கணினியின் உள்ளிருந்து யு.எஸ்.பி. வழியே வருவது; துளையை மாற்றிப் பார்க்கலாம், அல்லது தனி மின்சாரம் பெறும் ஹப் ஒன்றை இடையே வைக்கலாம். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும், விளக்கின் டிம்மரும், மலிவான இன்வெர்ட்டரும் கரகரப்பை உண்டாக்கும்; பதிவு நேரத்தில் முன்னவை இரண்டையும் நிறுத்திவிடுவது நன்று. இடையிடையே ‘டிக் டிக்’ என்று வெட்டுப்படுமானால், அது பெரும்பாலும் மின்சாரக் குறையன்று. கணினியால் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலவில்லை என்பதே பொருள். பாட்டரியில் ஓடும்போது கணினி சிக்கனம் கருதித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. பதிவு மென்பொருளில் பஃபர் அளவை 128-இலிருந்து 512-ஆக உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்று பின் பிளக்கை நேயர்கள் ஒருமுறை கையிலெடுத்துப் பார்க்கவேண்டும். மூன்றில் நீண்டதும் தடித்ததும் எர்த் பின்னே. செருகும்போது அது முதலில் தொடவேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலகவேண்டும் என்று கருதியே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். வாடகை வீடுகளில் வாழும் நாம், சுவரில் மூன்று துளைகளைக் கண்டவுடன் மனநிறைவு கொண்டுவிடுகிறோம். அடுத்தமுறை எலெக்ட்ரீஷியன் எவ்வேலைக்கு வந்தாலும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். நம் சங்கத்தின் மேடையிலும், குழந்தைகள் மைக்கைத் தொடுமுன் இச்சோதனையை நடத்துமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.