சரவிளக்கு விழணும், கார் பறக்கணும்

மியூசிக்கல் பைத்தியம் என்று ஒரு தனிப்பிறவி உண்டு மக்களே. நியூயார்க் பிராட்வேயும் லண்டன் வெஸ்ட் எண்டும்தான் இவர்களுக்குக் காசி, ராமேஸ்வரம். அங்கே டிக்கெட் எடுக்க வக்கில்லாத ரசிகன் பாட்டு ஆல்பத்தை மட்டும் கேட்டே நாடகம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பான். அவனிடம் போய் "இப்போ மேடையில என்னப்பா விசேஷம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பெரிய பெருமூச்சு ஒன்று வரும். அப்புறம் ஆரம்பிக்கும் கச்சேரி.

அவனுடைய முதல் வயிற்றெரிச்சல், பாட்டைவிட சாமான் பெரிதாகிவிட்டது என்பது. 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா'வில் இடைவேளைக்கு முன்னால் ஒரு சரவிளக்கு மேலேயிருந்து வந்து விழும். பிராட்வேயில் மட்டும் 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள். விளக்கு விழப்போவது ஊருக்கே தெரியும், ஆனாலும் முன்வரிசைக்காரர் ஒருமுறை குனியத்தான் செய்வார். 1989-ல் லண்டனில் 'மிஸ் சைகான்' வந்து ஹெலிகாப்டரை இறக்கியது. சரி, அதோடு விட்டார்களா? 2021-ல் 'பேக் டு தி ஃபியூச்சர்' காரையே பறக்கவிட்டது. பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் காரைப் பற்றித்தான் பேசினார்கள். பாவம், தொண்டை கிழியப் பாடிய பையன்.

இந்த வரிசையின் உச்சம் 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்'. செலவு சுமார் 7.5 கோடி டாலர். இசை யு2 குழுவின் போனோவும் எட்ஜும். நடிகர்களைக் கம்பியில் கட்டிப் பார்வையாளர் தலைக்கு மேல் பறக்கவிட்டார்கள். கம்பி சிக்கிக்கொண்டு நாயகன் அந்தரத்தில் தொங்கியதும் நடந்தது. சிரிக்கலாம்தான். ஆனால் 2010 டிசம்பரில் ஒரு நடிகர் நிஜமாகவே கீழே விழுந்து எலும்புகள் முறிந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. 182 முன்னோட்டக் காட்சிகளுக்குப் பிறகு 2011 ஜூனில் முறையாகத் திறந்து, 2014 ஜனவரியில் மூடினார்கள். போட்ட பணம் முழுசாகத் திரும்பவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதைத் தொடங்கிய இயக்குநர் ஜூலி டேமர்தான் 1997-ல் 'தி லயன் கிங்'கைப் பிராட்வேக்குக் கொண்டுவந்தவர் (ஸ்பைடர்மேனிலிருந்து அவரைப் பாதியில் விலக்கிவிட்டார்கள்). லயன் கிங்கில் ஒட்டகச்சிவிங்கி என்றால் கைக்கும் காலுக்கும் கட்டை கட்டிக்கொண்டு நடக்கும் ஒரு மனிதர், அவ்வளவே. மனிதர் என்று கண்ணுக்குத் தெரியும், ஆனாலும் மனசு ஒட்டகச்சிவிங்கி என்றே நம்பும். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த புலம்பல், எங்கேயோ கேட்ட பாட்டு. அப்பா குழுவின் பழைய பாட்டுகளைக் கோத்து, நடுவில் ஒரு கல்யாணத்தைச் செருகி 1999-ல் 'மாமா மியா!' வந்தது. பட்டன் கிடைத்துவிட்டது, இனி அதற்கேற்ற சட்டை தைப்போம் என்கிற கணக்கு. கணக்கு தப்பவில்லை, பிராட்வேயில் மட்டும் 14 வருஷம் ஓடியது. நம்மவர்களும் ரொம்ப நல்லவர்களில்லை. 2002-ல் லண்டனில் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் வந்த 'பாம்பே ட்ரீம்ஸி'ல் 'முதல்வன்' ஷகலக பேபி ஆங்கிலம் பேசிக்கொண்டு நீரூற்றில் நனைந்தாள். லண்டனில் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தது. நியூயார்க்கில் 2004 ஏப்ரலில் திறந்து, 2005 புத்தாண்டு அன்றே கடையைக் கட்டியது.

தயாரிப்பாளரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. பாமோல், போவன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 1966-லேயே இதை எழுதிவிட்டார்கள். நெசவாலைக்கு இயந்திரம் வந்தால் ஒரு ஆள் பத்து ஆள் வேலையைச் செய்வார், அதனால் அவர் கூலி உயரும். வயலின்காரர் பாவம், அரைமணி நேரப் பாட்டை இன்றைக்கும் அரைமணி நேரம்தான் வாசித்தாக வேண்டும், ஆனால் அவருக்கும் வீட்டு வாடகை ஏறுகிறதே! ஆகவே மேடைக்கலையின் செலவு ஏறிக்கொண்டேதான் போகும். டிக்கெட்டும் கூடவே ஏறும். 2016-ல் 'ஹாமில்டன்' பிரீமியம் டிக்கெட் ஒன்று 849 டாலர். அவ்வளவு கொடுப்பவர் தெரியாத கதைக்கா கொடுப்பார்? தெரிந்த படம், தெரிந்த பாட்டு. புதுக் கதை எழுதுகிறவன் பாடுதான் திண்டாட்டம்.

அப்படித் திண்டாடியதுதான் 'மேபி ஹேப்பி எண்டிங்'. 2016-ல் சியோலில் கொரிய மொழியில் மேடையேறிய கதை. முதலாளிகள் கைவிட்ட இரண்டு பழைய ரோபோக்கள். ஒருத்தியின் சார்ஜர் கெட்டுப்போய், எதிர்வீட்டுக் கதவைத் தட்டி "உன்னோடதைக் கொஞ்சம் தர்றியா?" என்று கேட்பதில் காதல் ஆரம்பம் (ஹாஸ்டல்வாசிகளுக்கு இது புரியும்). உதிரி பாகம் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள், இரண்டுக்கும் நாள் எண்ணப்படுகிறது. பறக்கும் காரும் கிடையாது, தெரிந்த பாட்டும் கிடையாது. 2024 நவம்பரில் பிராட்வேயில் திறந்தபோது வசூல் சோகம், சீக்கிரமே மூடிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். பார்த்தவர்கள் அடுத்தவரிடம் சொல்லிச் சொல்லியே காப்பாற்றினார்கள். 2025 ஜூனில் சிறந்த மியூசிக்கல் உட்பட ஆறு டோனி விருது.

இதைச் சொல்லும்போது மட்டும் நம் ரசிகன் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

பி.கு: ஹாமில்டனுக்குக் குலுக்கலில் 10 டாலர் டிக்கெட்டும் உண்டு. அமெரிக்கப் பத்து டாலர் நோட்டில் இருப்பவர் அதே ஹாமில்டன் என்பதால் அந்த விலை. நியூயார்க்கில் இருக்கும் ரசிகன் விடாமல் பெயர் கொடுப்பான், விழாது. அவன் தொல்லை தாங்காமல் ஒரே ஒருநாள் பெயர் கொடுத்த அறைத்தோழனுக்கு விழும். "ஏதோ சரித்திரப் பாடமாமே, ஏசியாவது இருக்குமாடா?" என்று கேட்டுக்கொண்டே கிளம்புவான் :-)